சைக்கிள் கடையில் ஒரு பறக்கும் ரயில்

சிகாகோ நகரத்தில் பறக்கும் ரயிலேறிப் போய்வர வழி சொல்வதில் உலகத்திலேயே கெட்டிக்காரர், திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் சிகாகோவைப் பார்த்ததில்லை. சிகாகோ என்ன, காட்பாடியையே பார்த்ததில்லை. எங்கள் ஊர் ஸ்டேஷனில் வந்து நிற்கிற ரயிலில்கூட ஏறியதில்லை. ஏறுவதற்குப் படி இருக்கிறதே. உயரம் என்றால் அவருக்குத் தலை சுற்றும். கடையில் பல்பு போனால் ஸ்டூலில் ஏற வேறு ஆள் வரவேண்டும். ஆள் வரும்வரை இருட்டில் உட்கார்ந்தபடி, மாடி வீட்டு ஜன்னல்களை உரசிக்கொண்டு ரயில் போகும் அழகைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கெல்லாம் அவர் 'பறக்கும் ரயில்'. நேரில் மட்டும் 'அண்ணா'.

கடைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் தங்கி நான் பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அடி அண்ணாமலை ஒன்றும் தூரமில்லை. ஆனால் வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் மாட்டைப் பிடித்துக் கட்டச் சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். ஆகவே, யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் திருத்துவது என் கடமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடமைக்கு அண்ணன் கடை வாசலிலேயே தினமும் வேலை இருந்தது.

ஆரம்பித்து வைத்தவர் ஒரு வெள்ளைக்காரர். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தார்; தன் ஊரில் அந்த ரயிலை ஓட்டும் வேலை பார்த்தவராம். தினமும் அண்ணனிடம் சைக்கிள் எடுப்பார். ஊருக்குப் புறப்படும் அன்று, சிகாகோ ரயில் போகும் பாதையெல்லாம் அச்சடித்த ஒரு படத்தைக் கொடுத்தார். கையால் காட்டியும் அரைகுறைத் தமிழிலும் விளக்கினார். தெருவுக்கு மேலே இரும்புத் தூண், தூணுக்கு மேலே தண்டவாளம். ஊர் நடுவில் வந்ததும் ரயில் ஒரு வட்டம் போட்டுவிட்டு வெளியே போகும்.

அந்த வட்டத்தில்தான் அண்ணன் மாட்டிக்கொண்டார். ஓர் ஊரே காரணமில்லாமல் எதையாவது சுற்றுமா? நடுவில் ஏதோ இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கே அது மறந்து போயிருக்கும். இதுதான் அவர் முடிவு.

படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் காலண்டர் பக்கத்தில் மாட்டினார். வெள்ளிக்கிழமைதோறும் அந்த வட்டத்துக்குச் சந்தனம், குங்குமம். கொஞ்ச காலத்தில் சிகாகோவின் ஓரங்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. ஜனங்கள் போய் இறங்கும் நடு ஊர் முழுக்கக் குங்குமத்துக்குள் போய்விட்டது. துடைத்துப் படிக்கலாமே என்றேன். "மூலஸ்தானத்துல கை வெக்கலாமா தம்பி?" என்று கேட்டார். அதற்குப்பின் எல்லாம் மனப்பாடம்தான்.

வட்டத்தின் ஸ்டேஷன்களை அவர் நம் கிரிவலப் பாதையின் அஷ்ட லிங்கங்களோடு ஜோடி சேர்த்துவிட்டார். வடக்கே இருப்பது குபேர லிங்கம். அமெரிக்காவில் அங்கே இறங்குகிறவர்களிடம்தான் காசு ஜாஸ்தி என்பது அவர் ஆராய்ச்சி. தெற்கே இருப்பது எம லிங்கம். அங்கே இறங்கவே கூடாது. அங்கேயே வேலை இருந்தாலும், அடுத்த நிருதி லிங்கத்தில் இறங்கித் திரும்பி நடக்க வேண்டும்.

ரயில் இரண்டு பக்கமும் ஓடும் என்று நான் பாடப் புத்தகத் தோரணையில் சொல்லிப் பார்த்தேன்.

"எதிர்ச்சுத்தாவா? தண்டவாளம் ஒத்துக்காது தம்பி."

இதெல்லாம் படத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அண்ணன் வியாபாரத்திலும் கொண்டுவந்தார். அவர் கடை செங்கம் ரோட்டில் இருக்கிறது. மேற்கே போனால் மலையை வலம் வருகிற திசை. கிழக்கே, அதாவது பஸ் ஸ்டாண்டுக்கும் பஜாருக்கும் காலேஜுக்கும் போனால் எதிர்த் திசை. அவர் சைக்கிள் எதுவும் எதிர்த் திசையில் ஓடக்கூடாது. சைக்கிள் எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் வேலை இருப்பதோ கிழக்கேதான். கடைசியில் சமரசம் ஏற்பட்டது. கொஞ்ச தூரத்தில் ரோட்டோரம் இருக்கும் மதகு வரைக்கும் உருட்டிக்கொண்டு போகலாம், உருட்டினால் தோஷமில்லை. அதற்கப்புறம் ஏறிக்கொள்வது அவரவர் பாவம். ஆகவே, மணிக்கணக்கில் வாடகை கொடுத்த ஜனங்கள் காலையில் வரிசையாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போகும் காட்சியை செங்கம் ரோட்டில் மட்டுமே பார்க்கலாம். புதிதாக வந்த வெளிநாட்டுக்காரர்கள் இதை ஏதோ இந்தியத் தவம் என்று நினைத்துத் தாங்களும் பக்தியோடு தள்ளினார்கள்.

எதிரில் டீக்கடை பாய் தினமும் ஆரம்பிப்பார். "இன்னா ரயிலு, இன்னிக்கி எத்தினி டிக்கெட்டு கிழிச்ச?" அண்ணன் கோபப்பட மாட்டார். ஒருநாள் சிகாகோ போகிறவர் யாராவது வந்து வழி கேட்பார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வருஷக்கணக்கில் ஒருவரும் கேட்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு வழி கேட்டவர்களுக்குத்தான் சிகாகோ கிடைத்தது.

அப்புறம் மல்லிகா அக்கா வந்தாள்.

அவள் எங்கள் தெரு. வேலூரில் நர்ஸ் படித்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சிகாகோவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. தங்க இடமும் கொடுக்கிறார்கள். ஆனால் அங்கேயிருந்து ஆஸ்பத்திரிக்கு அந்தப் பறக்கும் ரயிலில்தான் தனியாகப் போய்வர வேண்டும். அவள் அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற விவசாயி. சம்பளம், கடல், குளிர் எதற்கும் அவர் பயப்படவில்லை. அவருக்கு ஒரே பயம், பெண் தொலைந்துவிடுவாள் என்பது. அவரே ஒருமுறை மெட்ராஸ் போய்த் தொலைந்து, போலீஸ்காரர் பஸ் ஏற்றி அனுப்ப, ஊர் வந்து சேர்ந்தவர். வழி தெரிந்த ஆள் யாராவது தன் முகத்தைப் பார்த்து வழி சொல்லாமல் பெண்ணை அனுப்ப முடியாது என்றுவிட்டார். பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. சொல்லாவிட்டால் வேலை வேறு யாருக்கோ போய்விடும்.

"உங்க சைக்கிள் கடைக்காரருக்குத் தெரியும்னு சொல்றாங்களே. அப்பாவ ஒருவாட்டி கூட்டிக்கினு போயேன்டா" என்றாள்.

அவரைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முதல்நாளே அண்ணனிடம் போய் மன்றாடினேன். லிங்கம் வேண்டாம், மூலஸ்தானம் வேண்டாம், ஒரே ஒரு நாளைக்கு வெறும் ரயிலைப் பற்றி மட்டும் பேசுங்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கை. அண்ணனுக்கும் விஷயம் புரிந்தது. இத்தனை வருஷம் காத்திருந்த முதல் பாசஞ்சர் அல்லவா. "சரி தம்பி, வாயே தொறக்கல" என்றார்.

மறுநாள் மூன்று பேரும் போனோம். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, படிய வாரி, கலெக்டரைப் பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். தூண் இருக்கிறது, படி இருக்கிறது, டிக்கெட் வாங்க வேண்டும், கதவு தானாகத் திறக்கும் என்று ரேடியோவில் வானிலை வாசிப்பதுபோல ஒப்பித்தார். பெரியவர் முகம் இறுகிக்கொண்டே போனது. மல்லிகா அக்கா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஏம்பா, அது பாட்டுக்குப் போய்க்கினே இருந்துச்சுன்னா எம் பொண்ணு எங்க போய் நிக்கும்? மெட்ராஸ்ல பஸ்ஸு மாறி ஏறனதுக்கே நானு பீச்சுல கெடந்தேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"பெரியவரே" என்றார் அண்ணன். "மெட்ராஸ் பஸ்ஸு நேரா போற வண்டி. அதான் உங்களத் தொலைச்சிட்டுது. இது சுத்தற வண்டி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலைய சுத்தறீங்களே, என்னிக்காச்சும் தொலைஞ்சீங்களா?"

"மலைய சுத்தி எப்பிட்றா தொலையறது? பொறப்பட்ட எடத்துக்குத்தானே வந்து சேரணும்."

"அதேதாங்க அங்கயும்."

அதற்குப்பின் தடுக்க முடியவில்லை. குங்குமம் அப்பிய படத்தின் முன் நின்று இந்திர லிங்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தால், பெரியவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு வந்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டு முடித்து ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"மலை சோத்தாங்கைப் பக்கம்தானே வருது?"

"சோத்தாங்கைப் பக்கம்தாங்க."

"அப்ப போய்ட்டு வரட்டும்."

விஞ்ஞானம் படித்த நான் சொல்லியிருந்தால் அந்தப் பெண் இன்றைக்கும் வேலூரில்தான் இருந்திருப்பாள்.

அண்ணன் அதோடு விடவில்லை. ஒத்திகை வேண்டும் என்றார். பெரிய கோயிலைச் சுற்றியிருக்கும் மாட வீதிதான் சிகாகோ. அவர் முன்னால் போக, பின்னால் மல்லிகா அக்கா, அவள் அப்பா, நான். ஒவ்வொரு மூலைக்கும் நின்று ஸ்டேஷன் பெயரை உரக்கச் சொல்வார். அக்கா திரும்பச் சொல்ல வேண்டும். தெற்கு வீதி வந்ததும், "எமன் ஸ்டேஷனு, எறங்காத, எறங்காத" என்று எல்லோரையும் வேகமாக நடக்க வைத்தார். கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் சிலர் இது ஏதோ விசேஷ வழிபாடு என்று சேர்ந்துகொண்டார்கள். முடியும்போது எங்களுக்குப் பின்னால் ஒரு சின்னக் கூட்டம், அதில் ஒருத்தி கையில் கற்பூரத் தட்டு.

மல்லிகா அக்கா போனாள். கடிதம் வரும், நலம் என்றிருக்கும். ரயிலைப் பற்றி ஒரு வரி இருக்காது. பாய் இதைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணு இன்னும் சுத்திக்கினே இருக்குதா, எறங்கிச்சா?" என்று தினமும் கேட்பார். அண்ணன் தலை நிமிராமல் பங்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். தன் வாயை நம்பி ஒரு மனுஷன் பெண்ணை அனுப்பியிருக்கிறான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் யாராவது சைக்கிளில் ஏறி நேரே கிழக்கே மிதித்தால்கூட அவர் கூப்பிட்டுக் கண்டிக்கவில்லை.

சில வருஷம் கழித்து மல்லிகா அக்கா லீவில் வந்தாள். வந்த மறுநாள் கடைக்கு வந்துவிட்டாள். பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். அண்ணன் மானம் போவதைப் பார்க்க ஒரு சின்ன வட்டமே கூடியிருந்தது. அவர் கை கிரீஸை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். ரயில் எப்படி, ஊர் எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை.

"சோத்தாங்கைப் பக்கம்தானேம்மா?"

"சோத்தாங்கைப் பக்கம்தாண்ணா" என்றாள் அவள்.

அண்ணன் பாயைத் திரும்பிப் பார்த்தார். பாய் எல்லோருக்கும் டீ கொண்டுவரப் போனார்.

டீ குடித்துவிட்டு நான் ஒரு சைக்கிளை எடுத்து உருட்ட, மல்லிகா அக்கா கூட நடந்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருவதாகச் சொன்னாள். கடை மறைந்ததும் உண்மையைக் கேட்டேன்.

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் வீட்டுப் பக்கத்து ரயில் எதிர்ச்சுத்துதான் சுற்றும். முதல்நாள் வேலைக்குப் போகும்போது நடு ஊர் இடப்பக்கம் வருவதைப் பார்த்துப் பதறி இறங்கி, எதிர்ப் பக்கம் போய் வேறு ரயில் ஏறியிருக்கிறாள். எம லிங்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிருதியில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு இறங்க முடியவில்லை. அந்த ரயில் ஒரு சுற்று சுற்றிவிட்டு எங்கேயோ ஊர்க்கோடிக்குப் போய்விட்டது. அழுதுகொண்டே திரும்பி வந்து சேர்ந்தபோது மத்தியானம். முதல் நாளே வேலை போயிருக்கும். ஒரு வயதான நர்ஸ் இவளுக்காகப் பேசிக் காப்பாற்றினாளாம்.

"ஆஸ்பத்திரி எங்க தெரியுமா? எமனுக்கு நேர் எதிர்ல. தெனமும் அங்கதான் எறங்கறேன். நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப ஏன் அண்ணாகிட்ட அப்படிச் சொன்ன?"

"பொய் இல்லடா. சாயங்காலம் டூட்டி முடிஞ்சா மட்டும் அவர் சொன்ன பக்கமா ஒரு சுத்து சுத்திட்டுதான் வேற ரயிலு மாறி வூட்டுக்குப் போவேன். லேட்டாவும். லேட்டானா இன்னா, அங்க யாரு எனக்காக ஒக்காந்துக்கினு இருக்காங்க. நடுவுல மலை மாதிரி கட்டடமா நிக்கிது. அத சோத்தாங்கைப் பக்கம் வெச்சுக்கினு போனா, எங்கயும் தொலையலன்னு தோணும்."

நான் சைக்கிளில் ஏறி அவளைப் பின்னால் உட்காரச் சொன்னேன்.

"இன்னும் மதகு வரல" என்றாள்.

உருட்டிக்கொண்டே போனோம்.

இப்போது நான் மெட்ராஸில் வேலையில் இருக்கிறேன். இங்கேயும் பறக்கும் ரயில் வரப்போகிறது என்று கால்வாய் ஓரமாகத் தூண் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "எதச் சுத்துது தம்பி?" யார் தப்பாகச் சொன்னாலும் திருத்துகிற நான், "இப்பதாண்ணா தூணு நட்றாங்க, முடிச்சாத்தான் தெரியும்" என்றேன்.

அது எதையும் சுற்றப் போவதில்லை. நேராகத்தான் போகும். பஸ் மாறி ஏறி, தெரியாத தெருவில் இறங்கி நிற்கிற சாயங்காலங்களில் அந்தத் தூண்களைப் பார்க்கிறேன். கொஞ்சம் வளைத்துக் கட்டியிருக்கலாம்.