கறுப்புப் பெட்டியின் மகிமை

ஸ்வென்போர் ஊர்ப் படகுக் கழகக் கூடத்தில் அந்தச் சனிக்கிழமை காப்பி மேசையை யாரும் சீண்டவில்லை. வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டும் எங்கள் கூட்டம் மொத்தமும் எஸ்கில் ராவ்னை மொய்த்துக்கொண்டிருந்தது. அவர் கையில் கறுப்புப் பிசின் பூசி அடைத்த ஒரு ரெகுலேட்டர் பெட்டி.

மின்சாரத்தின் இரைச்சலை வடித்துச் சீராக அனுப்புவது ரெகுலேட்டரின் வேலை. எங்களில் பாதிப் பேர் அதைச் சமையலறை மேசையில் வைத்தே பற்றவைத்துவிடுவோம். ஆனால் ராவ்னுடையது கடற்கரை மணலில் புதைந்து தவம் இருந்ததாம். எங்களுக்குப் பற்றவைக்கத் தெரியும், தவம் தெரியாது. வாயைப் பிளந்தோம்.

எங்கள் கூட்டத்தில் ஒருவனான பிரெபென் தன் ஆம்ப்ளிஃபயரை முடுக்கினான். பாட்டுக்கு முன்னால் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். ராவ்ன் கண்ணை மூடினார்.

"கரண்டுக்கு மனசு காயப்பட்டிருக்கு, பிரெபென். நீ செஞ்ச ரெகுலேட்டர் அதைத் தாங்காது."

தன் பெட்டிக்கு இடம் வேண்டுமென்று, ஆம்ப்ளிஃபயரை ஒட்டியிருந்த டிரான்ஸ்ஃபார்மரை மேசை ஓரத்துக்குத் தள்ளினார். பெட்டியை மாட்டினார். உறுமல் போயே போயிற்று. பிரெபெனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ராவ்ன் பணம் வாங்குவதில்லை. பணம் பட்டால் பெட்டியின் அமைதி கெட்டுவிடுமாம். படகு பட்டால் கெடாது. பிரெபென் தன் பாய்மரப் படகின் சாவியை எடுத்து நீட்டினான்.

"அதுல பாதி என்னோடது," என்றபடி வந்தாள் அவன் மனைவி குட்ரூன். பல் மருத்துவர். பிளந்த வாய்களைப் பார்த்து மயங்குகிறவள் அல்ல. "நான் ஒரு தடவை மாட்டிப் பாக்கறேன். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க. நீங்களும்தான், ராவ்ன்."

திரும்பினோம். பின்னால் ஏதோ உருட்டினாள். பாட்டு வந்தது.

"எப்படி இருக்கு?"

"வெண்ணெய் மாதிரி," என்றார் ஒருவர்.

"பாடறவ மூச்சு விடறது கேக்குது," என்றான் பிரெபென்.

"பெட்டியோட பெருமை," என்றார் ராவ்ன்.

"சரி, பாருங்க."

பார்த்தோம். பெட்டி அவள் கோட்டுப் பையில் இருந்தது. மேசையில் பாடியது பிரெபெனின் சொந்த ரெகுலேட்டர்.

எங்கள் கண் முன்னாலேயே பெட்டியை மாட்டினாள். டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இழுத்து வைத்தாள். 'ம்ம்ம்.' தள்ளி வைத்தாள். அமைதி.

"டிரான்ஸ்ஃபார்மர் ஒட்டி உக்காந்தா உறுமும். அவ்வளவுதான். உன் ரெகுலேட்டர்ல ஒரு குறையும் இல்ல, பிரெபென்."

"சந்தேகப்படறவங்க இருக்கிற இடத்துல என் பெட்டி வேலை செய்யாது," என்றார் ராவ்ன்.

"டிரான்ஸ்ஃபார்மர் செய்யுதே."

பிரெபென் பெட்டியைக் கழற்றி எடுத்தான். உளியை வைத்துப் பிசினைப் பிளந்தான். உள்ளே அவன் கடையில் வாங்கும் அதே ரெகுலேட்டர் சிப். மீதி மணல். பத்து மாதம் உட்கார்ந்து தான் பற்றவைத்ததை ஒரு நிமிடத்தில் குப்பை என்று நம்பிவிட்டோமே என்று அவனுக்கு முகம் சிவந்தது. சாவியை எடுத்துக் குட்ரூன் கையில் கொடுத்தான். ராவ்ன் ஏற்கெனவே வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலையும்போது ஒருவர் குனிந்து மணலைக் கிள்ளி எடுத்து, "இது எந்தக் கரை மணலா இருக்கும்?" என்று கேட்டார்.

பாட்டுக்குக் காதைக் கொடுங்கள், ஐயா. மூளையை யாரும் கேட்கவில்லை. அதை உங்களிடமே வைத்துக்கொள்ளலாம்.