ஒரு ராத்திரி தாங்காத கேக்

மகாகனம் பொருந்திய மச்சான் சன்னாசி அவர்கள் சமூகத்திற்கு, தங்கள் தங்கையைக் கட்டிய பாக்கியசாலி திருநாவுக்கரசு வணங்கி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், தங்கள் தங்கை நீலாவதி, முள்வேலிக்குள் எங்களோடு அகப்பட்டுக்கொண்ட கோழிகள் உட்பட யாவரும் சுகம். தம்பின் ஊரில் தாங்களும் வீட்டிலுள்ளவர்களும் தங்கள் காய்கறிக் கடையும் சுகமாயிருக்க மாரியம்மன் துணை. நிற்க.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். தங்கள் தங்கைக்குக் கேக் சுட்டு விற்க லைசென்ஸ் கிடைத்துவிட்டது. அது கிடைத்த விதத்தை அவளிடம் சொல்ல முடியாது. யாரிடமாவது சொல்லாவிட்டால் என் வயிறு வெடித்துவிடும். ஆகவே தங்களிடம் சொல்கிறேன். படித்ததும் இக்கடிதத்தை அடுப்பில் போட்டுவிடவும்.

எங்கள் ரப்பர் தோட்டத்துப் பெரிய தொரை பங்களாவில் நீலாவதி சமையல் வேலை பார்த்ததும், தொரைசாணி அம்மாளிடம் கேக் சுடக் கற்றுக்கொண்டதும் தாங்கள் அறிந்ததே. கம்யூனிஸ்டுக் கலவரத்தால் எமர்ஜென்சி வந்ததும் தொரைசாணி பயந்துபோய்ச் சீமைக்குக் கப்பலேறிவிட்டார், பங்களா வேலையும் போயிற்று. தொழிலாளர் லயங்களைச் சுற்றி வேலி போட்ட பிறகு ரொட்டிக்காரன் உள்ளே வருவதில்லை, நாங்களும் நினைத்த நேரத்தில் சிரம்பானுக்குப் போக முடிவதில்லை. ஆகவே பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் பால்வெட்டும் மங்கம்மா முதல் வேலையை மேய்க்கும் மண்டோர் வீட்டுக்காரர்கள் வரை எங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். இவளும் பிஸ்கட் தகரத்தில் மாவை ஊற்றி, மேலும் கீழும் கரி நெருப்பை வைத்துச் சுட்டுக் கொடுப்பாள். ஒருநாள், "சும்மா சுட்டுக் குடுத்தது போதும். ஒரு கடை வைக்கணும்ங்க. போர்டுல எம் பேரு இருக்கணும்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். கணக்கெழுதும் ஸ்டோர் கிராணியாக இருந்து ரிட்டையரானவன், மனு எழுதத் தெரிந்தவன், விடுவேனா மச்சான்?

ஆனால் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, கடையில் மத்தி டின் வாங்கினால்கூட, வைத்தால் கெட்டுப்போகும்படி ஓட்டை போட்டுத்தான் கொடுக்கிற காலம் இது. கேக்குக்கும் உணவுக் கட்டுப்பாட்டு ஆபீஸில் அனுமதி வேண்டுமாம். பட்டுச்சேலை கட்டிய நீலாவதியை அழைத்துக்கொண்டு சிரம்பானுக்குப் போனேன். போகும்போதே தோட்டத்து வேலிக் கேட்டில் தகராறு. முட்டை அடிக்கிற ஸ்பிரிங் கரண்டியை அதிகாரிக்குக் காட்டலாமென்று இவள் பையில் வைத்திருந்தாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் அதை ஏதோ துப்பாக்கியின் உறுப்பு என்று எண்ணி, எங்களை வெயிலில் நிறுத்திவிட்டார். கடைசியில் அவருக்கே ஒரு முட்டையை அடித்துக் காட்டிய பிறகுதான் பஸ் ஏறினோம்.

ஆபீஸில் வெள்ளைக்காரத் தொரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதை ராசா என்ற ஊரிலிருந்து வரும் மொழிபெயர்ப்பாளர் ராமகிருஷ்ணன் தமிழில் சொன்னார்: "அம்மா, ஒங்க கேக் எத்தன நாளு தாங்கும்?"

நீலாவதி சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, "ஒரு மாசம் ஆனாலும் கெடாது ஐயா. அப்பிடியே பஞ்சாட்டம் இருக்கும்" என்றாள்.

போயிற்று மச்சான். மனுவின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு. ஒரு மாதம் கெடாத பண்டம் காட்டுக்குள் இருப்பவனுக்கு ஒரு மாதச் சாப்பாடாம். ஆக்கின சோறு மாதிரி அன்றைக்கே ஊசிப்போகிற பண்டமென்றால் யோசிக்கலாமாம். திரும்பி வரும்போது, சாயங்காலமே கெட்டுவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, லைசென்ஸ் கைக்கு வந்துவிடும் என்று கெஞ்சினேன். "எங் கையால செஞ்சது கெட்டுப்போவும்னு என் வாயால வராது. கடையே வேணாம்" என்றுவிட்டாள். வீட்டுக்கு வந்து அந்தத் தகரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அது கவிழ்ந்து கிடந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே சிரம்பான் தெமியாங் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி ரிப்பேர் என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டு நான் தனியே ஆபீஸுக்குப் போனேன். என் மனைவி பெருமைக்காகச் சொல்லிவிட்டாள் தொரை, அவள் கேக் மத்தியானத்துக்குள் புளித்துவிடும், சாயங்காலம் பூசணம் பிடிக்கும், மறுநாள் தெருநாய்கூட மோந்து பார்க்காது, இருபது வருஷமாகச் சாப்பிட்டு என் குடலே கெட்டுவிட்டது என்று அளந்தேன். ராமகிருஷ்ணன் அதையெல்லாம் இங்கிலீஷில் இன்னும் அழகாகச் சொன்னார். தொரை சந்தோஷப்பட்டு, கேக்கைக் கொண்டுவந்து காட்டு என்றார். லைசென்ஸ் இல்லாமல் கேக் கேட்டைத் தாண்டக் கூடாது, கேக்கைக் காட்டாமல் லைசென்ஸ் கிடையாது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம் கதைதான். முடிவில் தொரையே வழி சொன்னார். கேக்கைத் தோட்டத்துக் கேட்டிலுள்ள போலீஸ் கொட்டகையில் இரண்டு ராத்திரி வைக்க வேண்டும், அது தாங்குகிறதா இல்லையா என்று சார்ஜென்ட் எழுதி அனுப்ப வேண்டும்.

தொரை உன் கேக்கை மறுபடியும் சோதிக்கிறார் என்று மட்டும் நீலாவதியிடம் சொன்னேன். அவள் தகரத்தை நிமிர்த்தினாள். அன்று சுட்ட கேக்கின் வாசனை லயம் முழுக்கப் பரவியது, அத்தனை நன்றாக வந்திருந்தது. பெண்டாட்டி சுட்ட கேக் கெட்டுப்போக வேண்டுமென்று மாரியம்மனுக்குத் தேங்காய் நேர்ந்துகொண்ட புருஷன் இந்த மலாயாவிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

மறுநாள் காலை பயந்துகொண்டே கேட்டுக்குப் போனால் தட்டு காலி. சார்ஜென்ட் மீசையில் கேக் தூள். மனிதர் பொய் சொல்லத் தெரியாதவர். ரிப்போர்ட்டில் மலாயில் ஒரே வரி, "தாஹான்" ஆகவில்லை, அதாவது தாங்கவில்லை என்று எழுதினார். ராமகிருஷ்ணன் அதைத் தொரைக்கு வாசித்தார்: கேக் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. தொரை உடனே முத்திரை குத்திவிட்டார்.

விற்காத கேக்கை ஆறு மணிக்குள் குழி தோண்டிப் புதைக்க வேண்டுமென்று நிபந்தனை. இதுவரை ஒரு குழியும் தோண்டவில்லை, நாலு மணிக்கே தட்டு காலி. 'நீலாவதி கேக் கடை' என்று போர்டு எழுதி மாட்டியிருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் அவள் அதைப் பார்த்துக்கொள்கிறாள். எனக்கு வேறென்ன வேண்டும் மச்சான், மனம் நிறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். கேக்கைச் சாப்பிடுங்கள், கதையைக் கிளறாதீர்கள். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம், பெரியவர்களுக்கு நமஸ்காரம், தங்கள் கடைத் தராசுக்கு நேர்மை உண்டாகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்
திருநாவுக்கரசு

பி.கு.: அண்ணனுக்கு நீலாவதி எழுதுவது. கவரை ஒட்டக் கொஞ்சம் மைதாப் பசை வேண்டுமென்று கடிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டு இவர் குளிக்கப் போயிருக்கிறார். ஒரு மாசம் கெடாத கேக்கை இரண்டு ராத்திரி வைத்துப் பார்த்தால் லைசென்ஸ் வராது என்று எனக்குத் தெரியாதா அண்ணா? கேக்கைக் கொட்டகையில் வைத்த அன்று பொழுது சாயும்போதே ஒரு கேத்தல் நிறையக் கோப்பி போட்டு, கத்தியோடு கேட்டுக்குக் கொண்டுபோனேன். "சூடா இருக்கறப்பவே சாப்பிட்டிருங்க, வச்சிராதீங்க" என்று சார்ஜென்ட்டிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவுதான் நடந்தது. தெருநாய் மோந்து பார்க்காத சங்கதி இப்போது படித்துத்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். லைசென்ஸ் வந்த அன்று சுட்டதில் ஒரு துண்டை யாருக்கும் தெரியாமல் டின்னில் வைத்திருக்கிறேன், மாசம் ஒன்றாகப் போகிறது. நீங்கள் அதைச் சாப்பிட்டுவிட்டு, கெட்டிருக்கிறதா என்று இவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் இவருக்குக் கேக் கிடையாது.