தெய்வானையின் கிர்ணிப்பழம்

ஒரு காட்டில், செல்போனுக்கு டவர் நன்றாக எடுக்கும் மேட்டோரமாக, தெய்வானை என்றொரு முள்ளம்பன்றி வீட்டுத்தோட்டம் போட்டிருந்தாள். தக்காளி, வெண்டை, பாகல், ஒரே ஒரு கொடியில் கிர்ணி. பூச்சிமருந்து என்ற பேச்சே கிடையாது. மோரைப் புளிக்க வைத்துத் தெளிப்பாள், வேப்பம்புண்ணாக்கு போடுவாள், மிச்சத்துக்குப் புழுவோடு நேரில் சண்டை பிடிப்பாள்.

அவளுக்கு ஒரே குறை. போன பருவத்தில் காய்த்ததில் ஒரு தக்காளிகூட அவள் வாய்க்குள் போகவில்லை. அந்தக் காட்டில் ஒரு பாழாய்ப்போன வழக்கம். வீட்டில் காய்த்ததை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் தான் தின்ன வேண்டும். அக்கம்பக்கம் எதுவரை என்று யாரும் எல்லை போடவில்லை. ஆற்றுக்கு அந்தாண்டையிருந்தெல்லாம் பையோடு வந்துவிட்டார்கள். கடைசியில் தெய்வானை சந்தையில் காய் வாங்கிக் குழம்பு வைத்தாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வயிறு எரியும்.

"இந்தத் தடவை கிர்ணி எனக்குத்தான்" என்று முடிவு கட்டினாள். சரியான முடிவுதான். ஆனால் பழம் மஞ்சளாகிக் கமகமவென்று மணந்ததும் கை சும்மா இருந்ததா? படம் எடுத்து, 'நம்ம காடு நம்ம தோட்டம்' வாட்ஸ்அப் குழுவில் போட்டுத் தொலைத்தாள். கீழே பெருமையாக ஒரு வரி வேறு: 'ஒரு சொட்டு பூச்சிமருந்துகூட அடிக்காதது.'

விடிந்ததும் வாசலில் வரிசை. முதல் ஆள் குழுவின் அட்மின், மயில் பூங்காவனம்.

"எங்க வீட்டுக்காரருக்கு சுகர், தெய்வானைக்கா. மருந்தடிக்காத காயாப் பார்த்துக் குடுங்க."

பாகலும் வெண்டையும் அவள் பைக்குள் போயின. பின்னாலேயே வந்த யானை ராமபத்திரன், தக்காளியைக் கூடையோடு தூக்கிக்கொண்டு துதிக்கையை நீட்டி முகர்ந்தார்.

"கிர்ணி வாசனை வருதேம்மா. ஒரு கீத்து போதும்."

யானைக்கு ஒரு கீத்து என்றால் எவ்வளவு என்று தெய்வானைக்குத் தெரியும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய், வேறு எதையோ சொன்னது.

"மாமா, அதுக்கு நேத்து மருந்து அடிச்சேன். பக்கத்துச் செடிக்கெல்லாம்கூடக் கொஞ்சம் பட்டிருக்கும்."

ராமபத்திரன் கூடையைப் பதமாகக் கீழே வைத்துவிட்டுத் துதிக்கையை மண்ணில் துடைத்துக்கொண்டார். பூங்காவனம் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"குடும்பத்தோட கொல்லப் பார்த்தீங்களேக்கா" என்றாள். அங்கேயே போனை எடுத்து, முகத்துக்கு நேராகவே தெய்வானையைக் குழுவிலிருந்து நீக்கினாள். மற்றவர்கள் முறைத்துக்கொண்டே நடையைக் கட்டினார்கள்.

மானம் போனதே என்று தெய்வானை உட்கார்ந்து அழுதாள். அழுததில் பசி எடுத்தது. ஒரு தக்காளியைத் துடைத்து, உப்புத் தொட்டுக் கடித்தாள். இன்னொன்று கடித்தாள். வெண்டையை வதக்கினாள். பிறகு கிர்ணியைக் கீறி, நாட்டுச்சர்க்கரை தூவி, மோவாயில் சாறு வழிய முழுப்பழத்தையும் தின்று தீர்த்தாள். இத்தனை ருசியையா ஊருக்கு வாரிக் கொடுத்தோம் என்று ஆத்திரமாகக்கூட வந்தது.

சாயங்காலம் வேலிப்பக்கம் பூங்காவனம் தனியாக வந்து நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. எங்க தோட்டத்துல பப்பாளி பழுக்கப்போகுது. அந்த மருந்து பேரு என்ன?"

"ஏன், நீயும் அடிக்கப்போறியா?"

பூங்காவனம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அடிக்க இல்லக்கா. சொல்லிக்க."

நீதி: செடிக்கு விஷம் வைக்காதீர்கள்; வைத்ததாக நாலு பேர் காதில் போட்டு வையுங்கள்.