மாமியாருக்குக் குரங்கு சார் எடுத்த வகுப்பு

குரங்கைப் பற்றிப் பேசாமல் ஒரு டீயைக் குடித்து முடிக்கத் தெரியாதவர் குமரி மாவட்டத்திலேயே எங்கள் குரங்கு சார் ஒருத்தர்தான். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன்.

மார்த்தாண்டம் ஜங்ஷனில் பஸ் மாட்டிக்கொண்டால் போதும், ஆரம்பித்துவிடுவார். "வண்டி நிறுத்தாம வந்தா ஜங்ஷன் அடைச்சுப்போடும். குரங்குக்க பிட்யூட்டரி சுரப்பியும் இப்பிடித்தான் மக்கா. மூளைல இருந்து ஹார்மோன் மணிக்கொருக்கா விட்டு விட்டு வந்தா, கருமுட்டைய வளக்குத ஹார்மோன அது ஒழுங்கா சுரக்கும். நிறுத்தாம வந்துட்டே இருந்தா சுரப்ப நிறுத்திப்போடும்!" கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு ஓடிப்போவார்.

எனக்குக் கல்யாணமாகி நெடுநாளாகியும் குழந்தை இல்லை. நாகர்கோவிலில் சிகிச்சை. ஊசியைவிட மாமியாரின் கேள்விதான் வலித்தது. காபி கொடுத்தாலும் கேட்பார், துணி காயப்போட்டாலும் கேட்பார். "விசேஷம் உண்டா மக்கா?"

வாய் தவறி சாரிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார் மனுஷன். பலாச்சுளையைத் தின்றுகொண்டே மாமியாருக்கு முழு வகுப்பும் எடுத்தார்.

"எனக்க மருமவளுக்கும் கொரங்குக்கும் என்ன சாரே சம்மந்தம்?"

"சம்மந்தம் உண்டு அக்கா. எதுவானாலும் விட்டு விட்டு வரணும். நீங்க கேக்கதும் அப்பிடித்தான்."

மாமியார் பயபக்தியோடு தலையாட்டினார். மறுநாள் முதல் சுவர்க் கடிகாரம் மணி அடித்ததும் அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "விசேஷம் உண்டா மக்கா?" மணிக்கொரு தடவை, தவறாமல்!

நான் போய்ச் சொன்னதும் சார் பதறியடித்து ஓடிவந்தார். "அய்யோ அக்கா, மணிக்கணக்கு ஹார்மோனுக்கு! கேள்விக்கு வருசக்கணக்கு!"

அதன்பின் மாமியார் வாயை அடக்க ரொம்பப் பாடுபட்டார், பாவம்.

ஒருநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அந்தத் தடவையும் கரு தங்கவில்லை. ஆய்வுக்கூட மேஜையில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதேன். அழுகையைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வீட்டில் இதை எந்த வாயால் சொல்வேன்?

சார் கார் சாவியை எடுத்தார். "வா மக்கா, நான் கொண்டு விடுகேன்." வழியெல்லாம் குரங்குப் பேச்சையே எடுக்கவில்லை.

கேட்டைத் திறக்க வந்த மாமியாரிடம் அவரே முந்திக்கொண்டார். "அக்கா, இந்தத் தடவயும் சரியாவல. பிள்ளைட்ட ஒண்ணும் கேக்காண்டாம்."

"நான் என்னத்த கேக்கப் போறேன் சாரே," என்று மாமியார் என்னைத் தோளோடு சேர்த்துக்கொண்டு அழுதுவிட்டார்.

சார் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டருகிலேயே நின்றார். என் அப்பா இறந்த பிறகு, எனக்காக ஒருவர் வாசலில் வந்து நின்று பேசியது அன்றைக்குத்தான்.