அனிபாலும் நாலு கூடை காரப்பொடியும்

“ரெண்டு தரம்!” என்று ஏலக்காரர் கத்தியபோது வைத்திலிங்கம் ஆல்ப்ஸ் மலையில் இருந்தார். யானைகளோடு.

“பனி. சறுக்கல். மேலேருந்து எதிரி பாறையை உருட்டி விடறான். அதுல முப்பத்தேழு யானைய எறக்கிக் கொண்டாந்தான்யா அனிபால்” என்று ஐஸ் உடைக்கும் இராமதாஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய காலடியில், தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தின் ஈரத் தரையில், நான்கு பெரிய வஞ்சிரம் மீன்கள் கிடந்தன. ரெண்டு தரம் அவற்றுக்குத்தான்.

இரண்டாவது தரத்துக்கும் மூன்றாவது தரத்துக்கும் நடுவே ஒரு மூச்சு நேரம் உண்டு. ஒரு கையைத் தூக்க அது போதும். வைத்திலிங்கத்தின் இனத்துக்கு மட்டும் போதாது. நாம் அதற்குள் இவரை அறிமுகம் செய்துகொள்ளலாம்.

நடந்து முடிந்த யுத்தங்களின் தளபதி. அதுதான் இனத்தின் பெயர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேட்ச் முடிந்த மறுநாள் கடைசி ஓவரை யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்பவர், விற்றுப்போன மனையை எந்த வருஷம் வாங்கியிருக்க வேண்டும் என்று சொல்பவர், சாவு வீட்டில் மாலையை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, “முந்தாநாளே கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கணும்” என்று அழுதுகொண்டிருக்கிற மகன் காதில் விழும்படி சொல்பவர். முந்தாநாள் இவர் எங்கே இருந்தார்? அதே தெருவில்தான் இருந்தார்.

மற்ற தளபதிகள் கிரிக்கெட்டோடு நின்றுவிடுவார்கள். வைத்திலிங்கம் ரோமாபுரி வரை போவார். பிரெஞ்சுப் பள்ளி ஒன்றில் அப்பா பியூனாக இருந்ததால் அங்கே எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அந்தப் படிப்பிலிருந்து அவருக்கு இரண்டு விஷயங்கள் மிஞ்சின. ஒன்று, ‘முசே’ என்ற பட்டப்பெயர். பிரெஞ்சில் அதற்கு ஐயா என்று பொருள், அவர் குடியிருக்கும் நெல்லித்தோப்பில் வேலை இல்லாதவர் என்று பொருள். இன்னொன்று, ஊரெல்லாம் ஹானிபால் என்று சொல்லும் படைத்தலைவனைப் பிரெஞ்சு வாத்தியார் சொன்னபடி அனிபால் என்று சொல்லும் பழக்கம். முதல் தடவை கேட்டபோது இராமதாஸ் ஐஸ் கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

“அணில் பாலா? அணில்ல எங்க முசே கறக்கறது?”

கான் என்ற இடத்தில் அனிபால் ஒரே பகலில் ரோமாபுரியின் படை முழுவதையும் வளைத்து அழித்தான். ஐந்து நாள் நடந்தால் தலைநகரம். காவலுக்கு ஆள் இல்லை. உடனே போகலாம் என்று அவனுடைய குதிரைப்படைத் தலைவன் கெஞ்சினான். அனிபால் யோசித்துச் சொல்கிறேன் என்றான். போச்சு. இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன் நடந்த இந்தத் தவறை வைத்திலிங்கம் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆனால் கவனியுங்கள், அவரிடம் இன்னொரு ஆளும் உண்டு. ஃபாபியூஸ். ரோமாபுரிக்காரன். அனிபாலோடு மோதாமல், மலை மேலேயே நின்று, இன்று வேண்டாம் நாளை பார்க்கலாம் என்று காலம் கடத்தியே அவனைக் களைக்க வைத்தவன். அடுத்தவன் கோட்டை விட்டால் வைத்திலிங்கம் அனிபாலை எடுப்பார். தான் எதையாவது செய்ய வேண்டி வந்தால் ஃபாபியூஸை எடுப்பார். இந்த இரண்டு பேரும் கைவசம் இருக்கிறவன் வாழ்க்கையில் தோற்கவே முடியாது. ஜெயிக்கவும் வேண்டியதில்லை.

அன்று அவரை அனுப்பியவள் மனைவி அஞ்சலாட்சி. நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் இருபது வருஷமாக மீன் விற்கிறவள். சமையல் கான்ட்ராக்ட் எடுக்கும் ஜானகிராமன் முதல் தடவையாக அவளிடம் கேட்டிருந்தார். பகல் ஒரு நிச்சயதார்த்த விருந்து, நாலு நல்ல வஞ்சிரம் வேண்டும், பத்து மணிக்குள் வந்துவிட்டால் இனி அவருடைய எல்லா விசேஷத்துக்கும் அவளிடம்தான் மீன். முட்டி வீங்கி நிற்க முடியாத காலோடு தினமும் கூடை தூக்குகிறவளுக்கு இது உட்கார்ந்தே பிழைக்க ஒரு வழி. அந்த முட்டிக்காகத்தான் அன்று கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. அதுவும் மூன்று மாசம் கழித்துக் கிடைத்த தேதி.

“த பாரு. ஆறாயிரம் வரைக்கும் போலாம். வஞ்சிரத்தக் கொட்டுனா கையத் தூக்கு. வேற ஒண்ணும் பண்ணாத. வாயத் தொறக்காத. கையத் தூக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

விலை ஐயாயிரத்து ஐநூறில் நின்றது. கேட்டிருந்தவள் பூவாயி, எதிர்க்கடைக்காரி. வைத்திலிங்கத்துக்கு ரெண்டு தரம் காதில் விழாமல் இல்லை. விழுந்தது. ஆல்ப்ஸிலிருந்து இறங்கி வந்து பூவாயியை ஒரு பார்வை பார்த்தார். அவசரப்படுகிறாள், தானாகவே களைத்துவிடுவாள் என்று கணித்தார். இப்போது எடுக்க வேண்டியவன் ஃபாபியூஸ்.

“மூணு தரம்! பூவாயி, அள்ளிக்கோ!”

“இன்னா முசே, உம் பொண்டாட்டி எடுத்துட்டு வரச் சொன்ன மீனு போவுதே?” என்றான் இராமதாஸ்.

“போவட்டும். அடுத்த போட்டு வரும்ல.”

வந்தது. அந்தப் படகில் வஞ்சிரம் இல்லை. இருந்தது காரப்பொடி, விரல் நீளத்தில், சதையைவிட முள் அதிகமுள்ள மீன். நாலு கூடை. ஏலக்காரர் அரிகிருஷ்ணன் அலுப்போடு விலையைச் சொன்னார். யாரும் வாய் திறக்கவில்லை. வைத்திலிங்கம் மட்டும் திறந்திருந்தார், ஏனென்றால் மனசின் ஓரத்தில் எதுவோ உறுத்தியது, உறுத்தும்போதெல்லாம் அவர் கான் யுத்தத்துக்குப் போய்விடுவார்.

“நடுப்படை பின்னால வாங்குது. ரோமாக்காரன் ஓடறான்னு நெனச்சி உள்ள வர்றான். வர்றான். வர்றான். அப்ப அனிபால் இன்னா செஞ்சான் தெரியுமா? இந்தப் பக்கம் ஒரு குதிரைப்படை, அந்தப் பக்கம் ஒரு குதிரைப்படை...”

இரண்டு கைகளையும் உயரத் தூக்கி, அகல விரித்து, ரோமாபுரியை வளைத்தார்.

“முசே ரெண்டு கையையும் தூக்கிட்டாருப்பா! ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம்!” என்றார் அரிகிருஷ்ணன், ஒரே மூச்சில். தேங்காய்த்திட்டில் தூக்கின கை தூக்கின கைதான். அனிபாலுக்காகத் தூக்கினேன் என்று சொன்னால் எடுபடாது.

ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி வரிசையிலிருந்து போன் வந்தது.

“வஞ்சிரம் எடுத்துட்டியா?”

“நெலம கொஞ்சம் மாறிப் போச்சு.”

“கையத் தூக்குனியா, இல்லியா?”

“தூக்குனேன்.”

“அப்புறம்?”

“காரப்பொடி.”

அந்தப் பக்கம் டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். அவளுடைய நம்பர்தான். அவள் இவருடைய போனை வைத்துவிட்டு, வரிசையை விட்டு வெளியே வந்து ஜானகிராமனுக்குப் போன் போட்டாள். அவர் அதற்குள் பூவாயியிடம் பேசி முடித்திருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அடுத்தவன் எதை, எந்த வருஷம், எத்தனை மணிக்குக் கோட்டை விட்டான் என்று உங்களால் தடங்கலில்லாமல் சொல்ல முடிகிறதா? உங்கள் மைத்துனன் விஷயத்தில் அனிபாலும், உங்கள் சொந்த விஷயத்தில் ஃபாபியூஸும் ஞாபகத்துக்கு வருகிறார்களா? அப்படியென்றால் ஒரு நிமிஷம் குனிந்து உங்கள் இரண்டு கைகளும் இப்போது எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எங்கேயோ யாரோ உங்களுக்காக ரெண்டு தரம் சொல்லி முடித்திருக்கலாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அஞ்சலாட்சி முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு தானே ஏலத்துக்குப் போனாள். வஞ்சிரம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அடுத்த தேதி மூன்று மாசம் கழித்து என்று சொல்லியிருந்தார்கள். வைத்திலிங்கம் மொட்டைமாடியில் காரப்பொடியைக் கருவாட்டுக்குப் பரப்பிக் காக்கை ஓட்டினார். கான் யுத்தம் போல, நடுவைப் பின்னால் இழுத்தும், இரண்டு ஓரங்களையும் முன்னால் வளைத்தும் பரப்பியிருந்தார். இரண்டு மணிக்குக் கடல் பக்கம் கறுத்தது. “மீன அள்ளி உள்ள வையி” என்று அஞ்சலாட்சி கீழேயிருந்து சத்தம் போட்டாள். அவர் வானத்தைப் பார்த்தார். மேகமும் தானாகவே களைத்துவிடும் என்று தோன்றியது. இரண்டே காலுக்கு மழை பெய்தது.