அரசமரத்தடியில் நான் போட்ட கோடுகள்

திருவண்ணாமலை,
12-9-1997

அன்பு நிறைந்த மாப்பிள்ளை புகழேந்தி அவர்களுக்கு,

மாமனார் ஆதிமூலம் எழுதிக்கொண்டது. தாங்களும் மகள் மதிவதனியும் சுகமாயிருக்க அண்ணாமலையார் துணை. இங்கு என் இடுப்பைத் தவிர எல்லோரும் நலம்.

ஆடிக்கு வந்திருந்தபோது, "புத்தருக்கே அரசமரத்தடியிலதான் மாமா ஞானம் வந்துச்சு. தினம் காலையில போய் உக்காந்து ஒரு பக்கம் எழுதுங்க, கதை தானா வரும். எங்க பத்திரிகை தீபாவளி மலர்ல உங்களுக்கு நாலு பக்கம் வெச்சிருக்கேன்" என்றீர்கள். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், ஒருமுறையாவது பெயரை அச்சில் பார்க்கும் ஆசையில் நம்பிவிட்டேன்.

புத்தர் உட்கார்ந்த மரத்தடியில் நாகர் கல் இல்லை போலும். செங்கம் சாலை மரத்தடியில் இருக்கிறது. பிள்ளை வரம் கேட்டு விடியும் முன்பே பெண்கள் மரத்தைச் சுற்ற வந்துவிடுகிறார்கள். முதல் நாள் "ஓர் ஊரில்" என்று எழுதியதுமே நாகருக்கு ஊற்றிய பால் ஓடிவந்து ஊரை அழித்தது. மறுநாள் ஒரு வெள்ளைக்கார அம்மாள் என்னைச் சாமியார் என்று நினைத்து வாழைப்பழம் வைத்துக் கும்பிட்டார். மறுத்தால் மனம் நோகுமே என்று சாப்பிட்டேன். அதோடு போயிற்றா? வேங்கிக்கால் கிராமத்துக் காசியம்மாள் என்பவர் மருமகளோடு வந்து, "சும்மாதான சார் உக்காந்துகினு இருக்கீங்க? இது எத்தினி சுத்து வருதுன்னு கோடு போடுங்க, எனக்குக் கணக்கு நிக்க மாட்டுது" என்றார். வருடக்கணக்காக வருகைப் பதிவு போட்ட கை சும்மா இருக்குமா? போட்டேன். உடனே எல்லோரும், "எனக்கும் சார்!" ஒன்றரை மாதமாக இதே கூத்துதான். நேற்றைய தாளில் கதை அரை வரி, மீதியெல்லாம் கோடு. அதிலும் ஒருத்தி, "ஏன் சார் கம்மி பண்றீங்க? கோடு என்னா உங்க வூட்டுதா?" என்று சண்டை. வீட்டுக்கு வந்தால் தங்கள் மாமியார், "புத்தரு பொண்டாட்டிய வுட்டுட்டுதான போனாரு? நீங்க டிபனுக்குக் கரெக்டா வந்துடுறீங்களே!" என்கிறாள்.

ஆகவே, தங்கள் மேலான யோசனைக்கு ஒரு பெரிய கும்பிடு. நாளை முதல் மரத்தடிப் பக்கமே போவதில்லை. வீட்டு ஃபேனடியில் உட்கார்ந்து கதையை முடித்துவிடுவேன். அந்த நாலு பக்கத்தை உயிரே போனாலும் வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

மதிவதனிக்கு எங்கள் ஆசிகள். தங்கள் பெற்றோருக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ஆதிமூலம்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் காசியம்மாள் சர்க்கரைப் பொட்டலத்தோடு வந்தார். மருமகள் முழுகாமல் இருக்கிறாளாம். "மூணு வருசமா சுத்துனோம், ஒண்ணும் நடக்கல. நீங்க கோடு போட்டப்புறம்தான் சார் தங்கிச்சு!" நாளை அவர் தெருவே வருகிறதாம். போகாவிட்டால் நன்றாயிருக்காது. அந்த நாலு பக்கத்தை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். என் எழுத்துக்கு இங்கேயே வரிசை நிற்கிறது.