படுத்த ஏணியும் நிமிர்ந்த தேசமும்

உலகம் உருண்டை என்று கண்டுபிடித்தவருக்கு அடுத்தபடியாக மனித குலம் கடமைப்பட்டிருப்பது, ஏணியைத் தரையில் படுக்கப் போட்டுச் சோதிக்கலாம் என்று கண்டுபிடித்தவருக்குத்தான். அந்த மேதை அடியேன். தன்னடக்கம் காரணமாக இதை முதல் வாக்கியத்தில் சொல்லவில்லை.

எங்கள் நிறுவனம் அலுமினிய ஏணி செய்கிறது. நான் அதன் தர மேலாளர். நான் பொறுப்பேற்கும் முன் அங்கே காட்டுமிராண்டித்தனமான ஒரு வழக்கம் இருந்தது. செய்து முடித்த ஏணியைச் சுவரில் சாய்த்து, 'மூட்டை' என்று எல்லோரும் அழைக்கும் கனத்த ஆள் ஒருவரை ஏறச் சொல்வார்கள். படி தாங்கினால் ஏணி கடைக்குப் போகும். படி கழன்றால் ஏணி பழைய சாமான் கொட்டகைக்குப் போகும், மூட்டை முதலுதவி அறைக்குப் போவார். தரம் என்பது இவ்வளவுதான் என்று அந்த அப்பாவிகள் நினைத்திருந்தார்கள்.

பிறகு முதலாளி ஒரு கருத்தரங்குக்குப் போய், 'உன்னதத் தர மேலாண்மை மாதிரி' ஒன்றை வாங்கி வந்தார். அதில் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. ஏணி கழன்றால் தரத்தில் மதிப்பெண் போகும். ஊழியர் விழுந்தால் பாதுகாப்பில் போகும். ஆக, மூட்டை ஒரு தடவை விழுந்தால் நிறுவனம் இரண்டு இடத்தில் அடிபடும். அவர் ஒரே இடத்தில்தான் அடிபடுவார்.

முதலாளி அவசரக் கூட்டம் போட்டார்.

“தேசியத் தர விருதுக் குழு வரப்போகுது. இனிமே ஒரு ஆள்கூட விழக் கூடாது. யோசனை சொல்லுங்க.”

பட்டறை மேற்பார்வையாளர் எழுந்தார். “படியைப் பிடிக்கிற ரிவெட் ஆணியைக் கொஞ்சம் தடிமனாப் போட்டா கழலாது சார்.”

எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தோம். முதலாளி பொறுமையாக விளக்கினார். “அப்புறம் 'செலவுச் சிக்கன'த்துல மார்க் போயிடுமேய்யா?”

அப்போதுதான் என் வாயிலிருந்து அந்த வரலாற்று வாசகம் வந்தது.

“ஏணியைப் படுக்கப் போட்டுட்டா சார்?”

முதலாளி கண்ணை மூடினார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது. மேற்பார்வையாளரை அன்றே, நாள் முழுக்கக் கூட்டம் போடும் 'தர வட்ட'த்தின் தலைவராக உயர்த்தி, பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்கவும் நேரமில்லாமல் செய்தார்.

மறுநாள் மூட்டை தரையில் கிடந்த ஏணியை ஒவ்வொரு படியாக மிதித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். விழவில்லை. திரும்பி நடந்தார். அப்போதும் விழவில்லை. நாங்கள் எழுந்து நின்று கை தட்டினோம்.

“ரொம்ப சுகமா இருக்கு சார்” என்றார் மூட்டை. “கையில பேப்பர் குடுத்தீங்கன்னா படிச்சுக்கிட்டே நடந்துடுவேன்.”

இதற்குத்தான் மாதிரியில் 'ஊழியர் மனநிறைவு' என்று பெயர். அதிலும் முழு மதிப்பெண் வாங்கினோம்.

இந்தச் சமயத்தில் என் வீட்டிலும் ஒரு நல்ல காரியம் நடந்தது. என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். பல வருஷம் யார் யாரிடமோ கூலிக்கு அடித்தவனுக்கு, முதன்முதலாக ஒரு பள்ளிக்கூடத்தின் வெளிச்சுவர் சொந்த ஒப்பந்தத்தில் கிடைத்தது. 'அத்தான் கம்பெனி' என்ற பெருமையில் எங்கள் ஏணியையே வாங்கினான். எனக்குச் சாப்பாடு போட்டபடி மனைவி கேட்டாள்.

“தம்பி தைரியமா ஏறலாமாங்க?”

“நூத்துக்கு நூறு.”

“மார்க்கைக் கேக்கலை. ஏறலாமா, கூடாதா?”

“விருதுக் குழுவே வந்து பார்த்துட்டுப் போயிருக்கு. உனக்கென்ன சந்தேகம்?”

அவள் அதை 'ஏறலாம்' என்று எடுத்துக்கொண்டாள். பாவம், நிர்வாக மொழி தெரியாதவள்.

விருது வழங்கும் நாளில் அரசின் பொருளாதார ஆலோசகரே வந்திருந்தார். மேடைக்குப் பின்னால் என் தோளில் கை போட்டார்.

“உங்க மாதிரியை நாடு முழுக்கக் கொண்டு வரப்போறோம். முதல்ல பாலம்.”

“பாலம் ஏற்கெனவே படுத்துத்தானே சார் இருக்கு?”

“அப்போ பாதி வேலை முடிஞ்சாச்சு!”

என் தொலைபேசி அடித்தது. மனைவி. அழுதுகொண்டே சொன்னாள். மைத்துனன் மேல்படியில் நின்று சுவரின் விளிம்புக்கு எட்டியபோது காலடியில் படி கழன்றுவிட்டது. தொடையெலும்பு இரண்டு இடத்தில் முறிவு. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடத் தோன்றியது. அதற்கு மாதிரியில் மதிப்பெண் இல்லாததால் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் ஆலோசகரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது.

“நல்லா யோசிச்சுப் பாருங்க. ஒருத்தன் ஏறி, பெயிண்ட் அடிச்சு, பத்திரமா இறங்கிட்டா நாட்டுக்கு என்ன கிடைக்கும்? அவன் கூலி மட்டும்தான். விழுந்தா? ஆம்புலன்ஸ், எக்ஸ்ரே, ஆபரேஷன், மருந்து, ஊன்றுகோல், அப்புறம் புதுசா ஒரு ஏணி! ஒருத்தர் விழுந்ததுல எத்தனை தொழில் எழுந்து நிக்குது! உங்க மச்சான் பொருளாதாரத்தையே தூக்கி நிறுத்தியிருக்காரு.”

“அவனால நிக்க முடியலை சார்.”

“அது தனிநபர் கணக்கு. நான் பேசறது தேசியக் கணக்கு.”

எனக்கு மெய்சிலிர்த்தது. விருதை வாங்கிக்கொண்டேன்.

மைத்துனன் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் கட்டிலில் கிடக்கிறான். இடுப்பு வரை மாவுக்கட்டு. நடப்பான், ஆனால் ஏணி ஏறுவதை மறந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூட வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. நிறுவனம் அவனைக் கைவிடவில்லை. 'விரைவில் நலம் பெறுக' என்ற அட்டையைக் கட்டி, புத்தம் புதிய ஏணி ஒன்றை இலவசமாக அனுப்பிவைத்தது.

நேற்று மனைவி விருதுப் பலகையை எடுத்துத் துடைத்தாள். விருதின் அருமை அவளுக்கும் புரிந்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

“வாசலுக்கு மேல மாட்டிடுங்க. வர்றவங்க எல்லாரும் பார்க்கட்டும்.”

“நல்ல யோசனை.”

புது ஏணியை அவளே இழுத்து வந்து சுவரில் சாய்த்தாள். ஒரு கையில் விருதையும் மறு கையில் சுத்தியலையும் கொடுத்தாள். நிறுவனத்தின் ஏணியை இவ்வளவு பக்கத்தில், அதுவும் நிமிர்ந்த நிலையில், நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

“ஏறுங்க. நான் பிடிச்சுக்கறேன்.”

முதல் படியில் வலது காலை வைத்தேன். உடனே எடுத்துவிட்டேன்.

“நாற்காலி இருக்கில்ல? அதைக் கொண்டா. இதுக்குப் போய் எதுக்கு ஏணி?”

“நாற்காலி எட்டாது. ஏறுங்க.”

“செருப்பு வழுக்குது.”

“கழட்டிட்டு ஏறுங்க.”

“லேசாத் தலை சுத்துது. நாளைக்குப் பார்க்கலாமே.”

கட்டிலில் கிடந்தவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். மனைவி ஏணியிலிருந்து கையை எடுத்தாள். என் கால்களைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“அப்போ அன்னிக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள்.